மொரிஸ் மைனரின் முன்கால்: ஒருதரம் பூட்டி, திருப்பிக் கழற்றி, மறுபடி பூட்டியது

போன ஞாயிறு காலை கோண்டாவிலில் இருந்து கீரிமலை மட்டும் ஓடித் திரும்பினேன். மருதனார்மடத்தில் சந்தைக் கூட்டத்துக்குள் பிறேக்கை மிதித்து மிதித்துப் போனபோதும் சத்தமில்லை. தெல்லிப்பழைக்கு அங்கால் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட இடப்பக்கச் சில்லை மண்ணில் இறக்கி ஏற்றினேன், அப்போதும் இல்லை. முன்சில்லைத் தாங்குகிற முன்கால் கழன்று விழுந்து, எட்டு மாதம் போர்ட்டிக்கோவுக்குள் பனங்குற்றிக்கு மேல் நின்ற காருக்கு இது பெரிய காரியம். மறக்க முதல் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 948 சீசீ. அப்பா 1978இல் வாங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் காபரேற்றருக்குள் விடுவார். கிறீஸும் அப்போது கண்ணில் காணாத சாமான். எந்த எண்ணெய் கிடைத்ததோ அதை அடித்தார். இப்போது நடந்த அழிவுக்கு அந்தக் காலத்தைக் குற்றம் சொல்லலாம். ஆனால் 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த பிறகு கடையில் கிறீஸ் வாளி வாளியாகக் கிடந்தது. அடிக்காமல் விட்டது நான்.

முன்கால் விழுந்தது எங்கள் ஒழுங்கைக்குள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். முன்பக்கம் இடது மூலை இருந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சில்லு மட்காட்டுக்குக் கீழே சரிந்து படுத்திருக்கிறது. நடக்கிற வேகத்தில் நடந்தபடியால் மட்காட் விளிம்பு மட்டும்தான் நெளிந்தது. பத்து நிமிடம் முன்னுக்கு நான் அதே காரில் காங்கேசன்துறை வீதியில் ஐம்பதில் வந்தவன். அதை வீட்டில் சொல்லவில்லை.

பக்கத்து வளவில் ஒரு அண்ணை இருக்கிறார். ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி வைத்து நாற்பது வருடம் வாடகைக்கு ஓடியவர். வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சனி?"

"தீபாவளிக்கு அண்ணை."

"எந்தத் தீபாவளிக்கு?"

மைனரின் முன்காலைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்லைத் தாங்குகிற கிங்பின்னின் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் புரி வெட்டியிருக்கும். அந்த இரண்டு நுனியும் ட்ரன்னியன் என்கிற இரும்புத் துண்டுகளுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிங்பின் அந்தப் புரியிலேயே சுழலும். மேல் ட்ரன்னியன், குலுக்கத்தை அடக்குகிற ஷொக்கின் கையோடு பூட்டப்பட்டிருக்கும். ஆர்ம்ஸ்ட்ரோங் லீவர் ஷொக்கின் கைதான் இதில் மேல் ஆர்ம். கீழ் ட்ரன்னியன், சேசிஸில் இருந்து வருகிற கீழ்க் கையான லோவர் ஆர்மோடு. லோவர் ஆர்மைக் காரின் நீளத்துக்கு ஓடுகிற, முறுகி ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பியான டோர்ஷன் பார் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அதாவது கீழ்ப் புரியை எந்த நேரமும் இரண்டு பக்கமும் பிரித்து இழுத்தபடிதான் பாரம் நிற்கிறது. புரி தேய்ந்தால் ஒருநாள் கிங்பின் ட்ரன்னியனை விட்டு மேலே உருவிக்கொண்டு வரும். எனக்கு வந்தது அதுதான். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் கொண்டுவந்த இந்தக் காரில் ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் வைத்தவர், இந்த ஒரு இடத்தைக் கிறீஸ் துப்பாக்கியை நம்பி விட்டுவிட்டார்.

பாகத்துக்கு மூன்று வழி இருந்தது. கொழும்பில் பழைய பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையது கிடைக்கும், ஆனால் என்னுடையதைப் போலவே தேய்ந்ததுதான் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு லேத்காரர் பழைய நுனிக்கு வெல்டிங் நிரப்பிப் புதிதாகப் புரி வெட்டித் தரலாம் என்றார், 14,000 ரூபா. கைகாரர்தான், ஆனால் பாரம் தொங்குகிற நுனியில் வெல்டிங் சூடு பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது. கடைசியில் நான் இங்கிலாந்தில் இருந்து எடுப்பித்தேன். புதுப்பித்த கிங்பின் இரண்டு, ட்ரன்னியன்கள் பூட்டியபடி, பழையதைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புக்காசு திரும்பும் என்ற ஏற்பாடு. பழையதைத் திருப்பி அனுப்புகிற செலவு வைப்புக்காசைவிடக் கூட. அந்தக் காசு போனது போனதுதான். லண்டன் மச்சான் ஊருக்கு வரும்போது உடுப்புப் பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறப்பித்து இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "1959ஆம் ஆண்டுக் காரின் கால்" என்று சொல்ல, ஒரு அதிகாரி தன் தாத்தாவின் மைனரைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைத்தாராம்.

கழற்ற முதல் நின்ற வலப்பக்கத்தை அளந்து எழுதினேன். சமதரையில் சில்லின் நடுவில் இருந்து மட்காட் விளிம்புக்கு 34 சென்ரிமீற்றர். இந்த ஒரு எண்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

ஸ்பனர் கதையையும் சொல்ல வேண்டும். இந்தக் காரில் எல்லாம் அங்குல அளவு. எங்கள் கடைகளில் மில்லிமீற்றர் செட்தான் கிடைக்கும். 3/4 நட்டுக்கு 19 சரியாக இருக்கும், 15/16க்கு 24உம் பரவாயில்லை. 9/16க்கு 14 ஏறாது. 1/2 நட்டுக்கு 13 தாராளமாக ஏறும், ஏறி மூலையைத் தின்றுவிடும். பிறேக்கைத் தாங்குகிற தட்டான பாக்பிளேட்டின் நட் ஒன்று அப்படித்தான் உருண்டது. அண்ணையிடம் பழைய அங்குலச் செட் ஒன்று இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கழற்றியது இப்படி. சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட், ஸ்டாண்டுக்குத் துணையாகப் பனங்குற்றி. சில்லு, ட்றம், ஹப். பிறேக் குழாயைக் கழற்றவில்லை. பாக்பிளேட்டை முழுசாக எடுத்துக் கட்டுக்கம்பியால் மேலே தொங்கவிட்டேன். அதனால் பிறேக்கில் காற்று எடுக்கிற வேலை மிச்சம். ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற ட்ராக் ரொட்டின் நுனியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் தட்ட மூன்றாம் அடியில் விட்டது. கிங்பின் ஏற்கெனவே உருவிவிட்டபடியால் இடப்பக்கத்தில் டோர்ஷன் பாரின் இழுவை இறங்கியிருந்தது. ஒழுங்கான முறையில் என்றால் லோவர் ஆர்முக்குக் கீழே ஜக் வைத்துத் தாங்கிக்கொண்டு, மேல் ட்ரன்னியனைப் பூட்டுகிற பின்னைக் கழற்றி, பிறகு ஜக்கை மெதுவாக இறக்க வேண்டும். ஜக் இல்லாமல் அந்தப் பின்னில் கைவைக்கக் கூடாது. வலப்பக்கம் செய்யும்போது அந்த ஆர்ம் எவ்வளவு வலுவோடு கீழே வருகிறது என்று பார்த்தேன். காலுக்கு மேல் விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

கீழ் ட்ரன்னியன் பின் இரண்டு நாளைத் தின்றது. துருவேறி உள்ளே ஒட்டிப்போயிருந்தது. டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊறவிட்டேன், சூடு காட்டினேன், அலவாங்கால் நெம்பினேன். அசையவில்லை. கடைசியில் லோவர் ஆர்மின் இரண்டு பாதிக்கும் நடுவால் வாள்தகட்டை மட்டும் கையில் பிடித்து அறுத்தேன். மூன்று தகடு, ஒரு கை கொப்பளம். புதுப் பின் 2,800 ரூபா என்று முன்னமே தெரிந்திருந்தால் முதல் நாளே அறுத்திருப்பேன்.

புதுப்பித்த பாகத்தைப் பெட்டியில் இருந்து எடுத்தபோது அழகாகத்தான் இருந்தது, பளபளக்கிற கறுப்புப் பெயின்ற். நான் செய்த முதல் முட்டாள் வேலை, உள்ளே சுத்தமா என்று பார்க்க நாலு ட்ரன்னியனையும் கழற்றி ஒரே தட்டில் போட்டது. மேலது கீழது உருவத்தில் தெரியும், இடது வலது தெரியாது. அரை மணித்தியாலம் முழுசிக்கொண்டு இருந்தேன். பிறகுதான் புரிந்தது: இரண்டு பக்கத்துக்கும் புரி எதிரெதிர்த் திசை. பிழையானதை ஏற்றப் பார்த்தால் ஏறவே ஏறாது. பூட்டினபடியே வைத்துக் கிறீஸ் அடித்துப் பார்த்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கழற்றியதில் ஒரு நன்மையும் வந்தது. இடது கீழ் ட்ரன்னியனில் கிறீஸ் ஏற்றுகிற வாயான நிப்பிளுக்குப் பின்னால் இருக்கிற துளை பெயின்றும் மணல் தூளுமாக அடைபட்டிருந்தது. துப்பாக்கி எவ்வளவு அமத்தினாலும் உள்ளே ஒரு துளி போயிருக்காது. நிப்பிளின் ஓரத்தால் வழிந்திருக்கும், நானும் நிறைந்துவிட்டது என்று நினைத்திருப்பேன். புதுப்பித்து விற்கிறவர் பெயின்ற் அடிக்க முதல் அந்தத் துளைக்கு ஒரு குச்சி வைத்திருக்கலாம். சைக்கிள் கம்பியைத் தட்டையாக்கிக் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து எடுத்தேன். பிறகு நாலு நிப்பிளையும் கழற்றி அதேமாதிரிப் பார்த்தேன். மற்ற மூன்றும் சுத்தம்.

ட்ரன்னியனைத் திருகிப் பூட்டுவதில் அடுத்த பிழை. முழுக்க உள்ளே ஏற்றி, நல்லாக நிற்கட்டும் என்று இறுக்கிவிட்டேன். எல்லாம் பூட்டி முடித்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு பக்கத்துக்கு முக்கால்வாசியில் நிற்கிறது. கிங்பின் திரும்பத் திரும்பப் புரியும் உள்ளே ஏறும். அது ஏற இடம் விட வேண்டும். முழுக்க ஏற்றிவிட்டு ஒரு சுற்றுப் பின்னுக்கு எடுத்து, கையால் இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்புகிறதா என்று மேசையில் வைத்தே பார்க்க வேண்டிய வேலை. நான் காருக்குக் கீழே கிடந்து பார்த்தேன். மேல் பின்னைத் திரும்பக் கழற்றி, ஜக்கை இறக்கி, ஒரு சுற்று விட்டு, மறுபடி ஏற்றினேன். ஒரு பின்னேரம் போயிற்று.

கீழ்ப் பின்னின் இரண்டு பக்கமும் கோர்க் வளையம் வரும், மண் உள்ளே போகாமல் தடுக்க. வந்த செட்டில் இருந்தவை காய்ந்து விரலில் உடைந்தன. போத்தல் மூடிக் கோர்க்கை வெட்டிச் செய்யலாமா என்று யோசித்தேன். பிறகு 3 மி.மீ. இறப்பர் வளையம் போட்டேன். இப்போதைக்கு நிற்கிறது. மழைக்காலம் முடியத்தான் சரியா பிழையா தெரியும்.

இடது ஷொக்கின் கையைக் கழற்றிய நேரம் கையால் ஆட்டிப் பார்த்தேன். பாதி தூரத்துக்கு எதிர்ப்பே இல்லை, எண்ணெய் குறைந்து போயிருந்தது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கு விடுகிற 20 கிறேட் எண்ணெயை மேல் துளையால் விட்டு, கையை மேலும் கீழும் மெதுவாக ஒரு முப்பது தரம் அடிக்க, குமிழி குமிழியாகக் காற்று வந்தது. திரும்ப எண்ணெய், திரும்ப முப்பது. அதற்குப் பிறகு முழுத் தூரமும் ஒரே கனம்.

பெரிய பிழைக்கு வருகிறேன். லோவர் ஆர்மின் உள்பக்கம் சேசிஸோடு சேருகிற இடத்தில் ஐபோல்ற் என்கிற வளையத் தலைப் போல்ற்றுக்குள் இறப்பர் புஷ் இருக்கிறது. அதையும், லோவர் ஆர்மைப் பிடித்து முன்பக்கம் போகிற டை ரொட் என்கிற கம்பியின் இறப்பர்களையும் புதிதாகப் போட்டேன். கார் ஸ்டாண்டில், சில்லு காற்றில் தொங்குகிறது, நட் எல்லாம் கைக்கு எட்டுகிறது, ஸ்பனருக்கும் தாராளமான இடம். அப்படியே எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டி, நட் கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின்னும் போட்டுவிட்டேன். அண்ணை மதிலுக்கு அங்கால் நின்று ஏதோ சொன்னவர். கிரைண்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்க விருப்பமில்லை.

இறக்கி, ஒழுங்கைக்குள் நாலு தரம் ஓடிப் பார்த்தேன். இடது பக்கம் கதவுக் கீல் போல முனகுகிறது. வலது 34 நிற்க இடது 35.5 நிற்கிறது. டோர்ஷன் பாரைத்தான் சந்தேகப்பட்டேன். பின்னால் இருக்கிற லீவரில் ஒரு ஓட்டை மாற்றி உயரத்தைக் குறைக்கலாம் என்று கையேட்டைத் திறந்துகொண்டு இருந்தேன். அப்படி மாற்றியிருந்தால் ஒரு மாதத்தில் புஷ் கிழிந்து, கார் இடப்பக்கம் குனிந்திருக்கும்.

அண்ணை இந்த முறை மதிலைச் சுற்றி நேரே வந்தார். "தம்பி, நான் அண்டைக்குச் சொன்னதுதான். சில்லு தொங்கேக்கை இறப்பரைப் பூட்டினா, இறப்பர் தொங்கிற நிலையைத்தான் பிடிச்சுக்கொள்ளும். நட்டை இளக்கு. நிலத்திலை நிக்கட்டும். பிறகு பூட்டு."

சில்லு தொங்கும்போது புஷ்ஷை இறுக்கினால், கார் நிலத்தில் இறங்கும்போது அந்த இறப்பர் முறுக்குப்படும். அந்த முறுக்கே ஒரு சின்ன ஸ்பிரிங் மாதிரிக் காரைத் தூக்கிப்பிடிக்கும். ஒன்றரைச் சென்ரிமீற்றரின் கணக்கு அதுதான்.

நாலு சில்லுக்கும் கீழே நாலு அங்குலப் பனம்பலகை வைத்து ஏற்றினேன். முன்னுக்கு மட்டும் உயர்த்தினால் பாரம் பின்னுக்குப் போய்விடும் என்று நாலுக்கும் வைத்தேன். ஐபோல்ற் நட்டையும் டை ரொட் நட்டையும் இளக்கினேன். மகனையும் அவனுடைய சிநேகிதனையும் முன் பம்பரை அமத்தி அமத்தி விடச் சொன்னேன், பத்துத் தரம். சில்லை உருட்டி ஒரு முழம் முன்னுக்கும் பின்னுக்கும் விட்டேன். அளந்தேன்: 34.2. பிறகு நெஞ்சு நிலத்தில் முட்ட, தலையைச் சரித்துக்கொண்டு பூட்டினேன். அந்த இடத்தில் ஸ்பனர் ஒரு தரத்துக்கு ஆறில் ஒரு சுற்றுத்தான் திரும்பும். இரண்டு நட்டுக்கு ஒரு மணித்தியாலம். முனகல் அன்றைக்கே நின்றது.

சில்லின் முன் ஒடுக்கம், அதாவது இரண்டு முன்சில்லும் முன்னுக்கு உள்நோக்கிச் சரிந்து நிற்கிற அளவு, கையேட்டில் 3/32 அங்குலம், இரண்டரை மில்லிமீற்றருக்கும் ஒரு மயிர் குறைய. கம்பியூட்டர் வைத்து அலைன்மென்ற் பார்க்கிற இடத்தில் மைனருக்கு எண் இல்லை என்றார்கள். மீன்பிடி நூலைக் காரின் இரண்டு பக்கமும் சமாந்தரமாகக் கட்டி, றிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அளந்து, ட்ராக் ரொட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி எடுத்தேன். ஒவ்வொரு தரமும் காரை உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயர் பிடித்துவைத்திருக்கிற இழுவை அளவைப் பொய்யாக்கும். நாலாவது தரத்தில் வந்தது.

இடப்பக்கம் வேலைநாட்களைக் கூட்டினால் ஐந்து கிழமை. மற்ற மாதங்கள் பாகத்துக்காகவும் மச்சானின் விடுமுறைக்காகவும் காத்திருந்தவை. வலப்பக்கம் ஒன்றரை நாள். வலப்பக்கத்தைக் கழற்ற முதல் சில்லைத் தூக்கி, மகனைப் பிறேக் மிதிக்கச் சொல்லி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பிறேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. நின்றிருந்தால் ஹப் பெயாரிங் என்று எடுக்கலாம். அலவாங்கைக் கீழ் ட்ரன்னியனுக்கு அடியில் கொடுத்து நெம்பக் கண்ணுக்குத் தெரிய ஏறி இறங்கியது. கழற்றிப் பார்த்தால் புரி கத்தி விளிம்பு மாதிரி. அதுவும் இந்த வருடத்துக்குள் விழுந்திருக்கும்.

செலவு: கிங்பின் சோடி இங்கிலாந்துக் காசை மாற்றிப் பார்க்க 92,000, திரும்பி வராத வைப்புக்காசு 24,000. பின்கள், புஷ், டை ரொட் இறப்பர் எல்லாம் 17,500. ஃபோர்க் எண்ணெய் 2,400. புதுக் கிறீஸ் துப்பாக்கி 6,800. மட்காட் தட்டிப் பெயின்ற் பூச 18,000. பாதி மட்காட்டுக்கு முழு மட்காட் காசு, அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். மொத்தம் 160,700 ரூபா. ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கிறீஸ் அடித்திருந்தால் இத்தனை வருடத்துக்கும் சேர்த்து இதில் கால்வாசி வந்திருக்காது.

திரும்பச் செய்தால் ட்ரன்னியன்களைக் கழற்ற மாட்டேன், ஆனால் நிப்பிளைக் கழற்றித் துளை பார்ப்பேன். அங்குல ஸ்பனர் செட் சொந்தமாக வாங்குவேன். ஒட்டின பின்னை முதல் நாளே அறுப்பேன். ஸ்பிளிட் பின்னைக் கார் நிலத்தில் நின்ற பிறகுதான் போடுவேன். பின் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று கை நினைத்துவிடுகிறது. கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தூக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்ப, மற்றவர் பழைய கிறீஸ் வெளியே வந்து புதுசு தெரிகிற மட்டும் அடிக்க வேண்டும். நிற்கிற காருக்கு அடித்தால் பாரம் அமத்துகிற பக்கத்துக்கு அது போகாது. துப்பாக்கியை இப்போது மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன், கீழே ஒரு கலண்டர் தாளில் கிலோமீற்றரும் திகதியும்.

கழற்றிய பழைய வலது கிங்பின்னை இரும்புக்கு எடுக்கிறவனிடம் போடப் பார்த்தேன். அண்ணை வாங்கி, புரியைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடதாசியில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்தார். அவருடைய ஏ ஃபோர்ட்டிக்கு அது பொருந்தாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.